பிள்ளையிடம் கேட்ட விசுவாசம்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருளைக் கரடியனாற்றில் பேசக் காரணம் உண்டு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தான பின்னர் விடுதலைப் புலிகள் தங்கள் கூட்டங்களை நடத்திய தேனகம் மண்டபம் இங்கேதான் இருந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அன்று அவர்களுடைய ஆட்சி. நீதிமன்றம், காவற்றுறை, வரி எல்லாம் இருந்தன. மறுத்துப் பேச மட்டும் இடமிருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டார்கள். கொடுக்க மறுத்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். பாடசாலைக்குப் போகும் வழியிலும் கோயில் திருவிழாவிலும் பிடிபட்டவர்கள் பலர். அப்படிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையைப் பார்த்துத் துரோகி என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே என் வாதம்.

2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்தின் வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். நேற்றுவரை அந்தத் தலைமைக்குக் கட்டுப்பட்டிருந்த பிள்ளைகள் இன்று அதற்கு எதிராகத் துவக்குத் தூக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று, வெருகலில் இரு தரப்பும் மோதின. சில நாட்களில் கருணா தன் படையைக் கலைத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் வீடு திரும்பினார்கள். தாய்மார் முகாம் வாசலுக்கே போய் நின்று பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். ஆனால் வென்ற தரப்பு ஒலிபெருக்கியில் அறிவித்தும், கடிதம் அனுப்பியும், வீட்டுக்கு வந்தும் அவர்களைத் திரும்ப அழைத்தது. பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. இயக்கத்தில் கட்டையாக வெட்டிய தலைமுடி வளர மாதக்கணக்காகும். அதுவரை வேலியோரம் வந்து நின்றாலே இன்னாரென்று தெரிந்துவிடும்.

துரோகம் என்றால் அதற்கு முன்னால் மனமறிந்து கொடுத்த வாக்கு ஒன்று இருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சோவியத் நாட்டில் தந்தையைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பாவ்லிக் மொரோசோவ் 1932இல் கொல்லப்பட்டான். அரசு அவனை வீரனாக்கிச் சிலை வைத்தது. எதிர்க்கேள்வியைப் பொறுக்காத எந்த ஆட்சியும் பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்தே தன் பக்கம் சேர்க்கிறது. படுவான்கரையில் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த உண்மையான விசுவாசம் அதுதான். அதையே குற்றமாக்கினார்கள்.

தாமாகவே போனவர்களும் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள். 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலையில், 1990இல் சத்துருக்கொண்டானில் அரச படையினர் நடத்திய படுகொலைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வந்த கோபம் பொய்யல்ல. ஆனாலும் பதினான்கு வயதுக் கோபத்தைத் தடுத்து நிறுத்துவது பெரியவர்களின் கடமை. அதைப் பயன்படுத்திக்கொள்வது குற்றம். இதைப் பேசினால் அரசுக்குத் துணைபோவதாகும் என்பது இன்னொரு மறுப்பு. அரசின் கையும் சுத்தமில்லை. 2006இல், அரசின் பக்கம் சாய்ந்துவிட்ட கருணா அணியினர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளிலேயே பிள்ளைகளைக் கடத்தினார்கள். பாதுகாப்புப் படையினர் சிலர் அதற்கு உடந்தையாக இருந்ததை ஐக்கிய நாடுகளின் சிறப்பு ஆலோசகர் அலன் ரொக் அந்த நவம்பரிலேயே பகிரங்கமாகச் சொன்னார். கருணா 2008இல் நாடாளுமன்ற உறுப்பினர், 2009இல் அமைச்சர்.

தலைவர் அணி மாறினால் அரசியல், பிள்ளை வீடு திரும்பினால் துரோகம் என்ற கணக்கை நம் ஊர்கள் இன்னும் முழுதாகத் திருத்தவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. பலர் தாய், தகப்பன் ஆகிவிட்டார்கள். எந்தத் தரப்பு தங்களைக் கொண்டுபோனது, யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று பெயர் சொல்லிப் பேச அவர்களுக்குப் பயமற்ற இடம் வேண்டும். அதைக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலையைப் பாடசாலைகளும் கோயில் பரிபாலன சபைகளும் இந்த ஊரிலேயே தொடங்கலாம்.