பிறருக்கு நேரும் நஷ்டத்திற்கும் காப்பு வேண்டும்

(திண்டிவனத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் சிறுதொழில் நடத்துவோரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்ஷூரன்ஸ் என்ற சொல் இப்போது நம் கிராமங்களுக்குப் புதியதன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நமது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பயிர் மூழ்கியது, கடைகளில் சரக்கு நனைந்தது. பயிருக்கும் கடைக்கும் இன்ஷூரன்ஸ் செய்திருந்தவர் யார், செய்யாதவர் யார் என்பது அன்று ஊருக்கே தெரிந்தது. நமக்கு வரும் நஷ்டத்திற்குக் காப்பு வேண்டும் என்பதை அந்த மழை நமக்குக் கற்பித்தது.

ஆயினும் நஷ்டத்தில் மற்றொரு வகை உண்டு. நம் தொழிலால் பிறருக்கு நேரும் நஷ்டம் அது. நம் இயந்திரத்தில் ஒரு தொழிலாளியின் கை சிக்கலாம். நாம் போட்ட பந்தல் விருந்தினர் மேல் சரியலாம். நாம் ஆட்டி விற்ற எண்ணெய் ஒரு குடும்பத்திற்கு நோயைத் தரலாம். அப்போது ஈடு கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. அந்தப் பொறுப்பிற்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. இதனைப் பொறுப்புக் காப்பீடு என்பர். இன்று நாம் பேச வந்தது இதைப் பற்றியே.

நாம் கண்ட ஒரு சம்பவம்

திண்டிவனம் என்றால் மணிலா. நம் வழக்கில் மல்லாட்டை. நாடெங்கும் விவசாயிகள் அறிந்த டி.எம்.வி. ரக விதைகளின் பெயரிலுள்ள எழுத்துக்கள் நம் ஊரையே குறிப்பவை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஈன்ற ரகங்கள் அவை. ஆகவே மல்லாட்டை உடைக்கும் இயந்திரமும் எண்ணெய்ச் செக்கும் நம் பக்கத்தில் ஏராளம்.

அத்தகைய இயந்திரம் ஒன்றை வைத்திருந்த விவசாயி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் கையில் ஒரு பாலிஸியுடன் நம்மிடம் வந்தார். அவரிடம் வேலை செய்த கூலியாளின் வலக்கை பெல்ட்டில் சிக்கி, மணிக்கட்டிற்குக் கீழே போய்விட்டது. "ஐயா, நான் தவறாமல் பணம் கட்டியிருக்கிறேன், கம்பெனி கொடுக்குமல்லவா?" என்று கேட்டார். பாலிஸியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தோம். கொட்டகை இருந்தது, இயந்திரம் இருந்தது, மூட்டைகள் இருந்தன. ஆளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது தீ விபத்துப் பாலிஸி. கடன் கொடுத்தவர்கள் கேட்டதால் எடுத்தது.

முடிவில் அவர் ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்று ஈடு கொடுத்தார். பெற்றவருக்கு அது போதவில்லை. கொடுத்தவருக்கு எழுந்து நிற்க முடியவில்லை. ஒரே தெருவில் வாழும் அந்த இரு குடும்பங்களும் இன்றளவும் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போவதில்லை. இயந்திரத்திற்குக் காப்பு உண்டா என்று பார்த்த நாமும், அதை இயக்கும் ஆளுக்கு உண்டா என்று அன்று கேட்கவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்டே இங்குப் பேசுகிறோம்.

தொழிலாளிக்குரிய ஈடு

வேலையின்போது நேரும் விபத்திற்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் சாரம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இது ஆலை முதலாளிகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். டிராக்டர் கொண்டும், மின்சாரத்தால் இயங்கும் கருவி கொண்டும் நடக்கும் விவசாய வேலையும் இதில் அடங்கும்.

தொகை எவ்வளவு என்று பார்ப்போம். தொழிலாளி இறந்தால், மாத ஊதியத்தில் பாதியை அவர் வயதிற்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். முழு நிரந்தர ஊனமானால் பாதிக்குப் பதில் நூற்றுக்கு அறுபது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2020 முதல் கணக்கிற்கு எடுத்த மாத ஊதியத்தின் உச்சவரம்பு ரூ.15,000. நாற்பது வயதிற்குரிய எண் 184.17. எனவே நாற்பது வயதுத் தொழிலாளி அந்த ஊதியத்தில் இறந்திருந்தால் ஈடு ரூ.13,81,275, முழு ஊனமடைந்திருந்தால் ரூ.16,57,530. நம்மில் எத்தனை பேர் இதை ரொக்கமாக எடுத்து வைக்க இயலும்?

"அவன் கவனக்குறைவு" என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. குடித்திருந்தான், சொல் கேளாமல் நடந்தான் என்ற வாதங்கள் சிறு காயங்களுக்குத்தான் செல்லும். இறப்பிற்கும் முழு ஊனத்திற்கும் செல்லா. இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு அத்திட்டமே உதவும். சேராத தொழிலாளிக்கு முதலாளி தனிப் பாலிஸி எடுப்பதே வழி. அதன் பிரீமியம் கூலித் தொகையையும் வேலையின் ஆபத்தையும் பொறுத்தது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கக் கூலியைக் குறைத்து எழுதினால், விபத்து நேர்ந்த அன்று வில்லங்கம் அங்கேதான் எழும்.

பொதுமக்களும் வாடிக்கையாளரும்

2004 ஜனவரி 23ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்டபம், பந்தல், சமையல், மின்விளக்கு ஆகிய தொழில்களை நடத்துவோர் அந்த நாளை மறக்கலாகாது. நம் இடத்திற்கு வந்தவருக்கு நேரும் தீங்கிற்கு உள்ளது பொதுமக்கள் பொறுப்புப் பாலிஸி. கடைக்காரர்களுக்கென உள்ள தொகுப்புப் பாலிஸிகளில் இதை ஒரு பிரிவாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

போபால் நகரில் 1984 டிசம்பரில் நச்சு வாயு கசிந்த பின், 1991ஆம் ஆண்டில் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆபத்தான பொருள்களைக் குறித்த அளவிற்கு மேல் கையாளுவோர் கட்டாயமாக இன்ஷூரன்ஸ் செய்ய வேண்டும் என்கிறது அது. எல்லாக் கடைகளுக்கும் அது பொருந்தாது. பூச்சிமருந்தும் எரிவாயுவும் பெருமளவில் இருப்பு வைப்போர் தமக்குப் பொருந்துமா என்று விசாரிக்க வேண்டும்.

விற்கும் பொருளால் வரும் தீங்கிற்கு உற்பத்தியாளரும், சில நிலைமைகளில் விற்பவரும் பொறுப்பு என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சொந்தப் பெயரில் எண்ணெய் அடைத்து விற்கும் செக்குக்காரரும், ஊறுகாய் செய்யும் மகளிர் குழுவும் இதைக் கருத வேண்டும்.

டிராக்டரைப் பற்றி ஒரு சொல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆனால் விவசாய வேலைக்கென்று பாலிஸி எடுத்துவிட்டு, மயிலம் பங்குனி உத்திரத்திற்கு டிரெயிலர் நிறைய ஆள் ஏற்றிச் சென்று கவிழ்ந்தால், கம்பெனி பாலிஸியைக் காட்டி வழக்காடும். பாரம் உரிமையாளர் தலையில் விழக்கூடும்.

பாலிஸியைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, நம் தொழிலில் யாருக்கு என்ன தீங்கு நேரலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பாலிஸியைக் கேளுங்கள். பாலிஸியின் பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் வந்துள்ள ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள சிறுதொழில் சொத்துக்களுக்கு நல்ல காப்பு. ஆனால் அது சொத்துக் காப்பே. பிறருக்கு நாம் தர வேண்டிய ஈட்டிற்கு வேறு பாலிஸி வேண்டும்.

இரண்டாவது, ஒரு விபத்திற்கு எவ்வளவு, ஓர் ஆண்டிற்கு எவ்வளவு என்ற இரு வரம்புகளையும் பாருங்கள். முதல் பங்காக நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, விபத்து பாலிஸிக் காலத்தில் நடந்தால் போதுமா, ஈடு கேட்கும் கோரிக்கையும் அக்காலத்திற்குள் வர வேண்டுமா என்று கேளுங்கள். கோரிக்கையும் வர வேண்டுமெனில், ஓர் ஆண்டு புதுப்பிக்கத் தவறினாலும் பழைய விபத்திற்குக் காப்பு அற்றுப் போகலாம்.

நான்காவது, விலக்குகள் அச்சிட்ட பக்கத்தை முதலில் படியுங்கள். ஒப்பந்தக் கூலிகள் சேர்வார்களா? கொட்டகைக்கு வெளியே நடக்கும் வேலை சேருமா?

ஐந்தாவது, விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். பிரீமியம் சேர்ந்த பிறகே கம்பெனியின் பொறுப்பு தொடங்கும் என்பது 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் விதி. ஏஜெண்டிடம் சொல்லிவிட்டோம் என்பது காப்பாகாது, ரசீது வேண்டும்.

விபத்து நேர்ந்தால் முதலில் காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அன்றே கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கம்பெனியைக் கேளாமல் தொகை பேசி முடித்துக் கையெழுத்திடாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் நல்லெண்ணத்தோடு எழுதிய முச்சலிக்கையைக் காட்டியே கம்பெனி மறுக்கக்கூடும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கே புகார் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையெனில், அல்லது பதில் திருப்தியாக இல்லையெனில், ஓராண்டிற்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. குறுந்தொழில் நடத்துவோரும் அங்குச் செல்லலாம்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

பஞ்சாயத்து வேலையைக் காண்டிராக்டரிடம் ஒப்படைக்கும்போது, தொழிலாளர்களுக்கு எடுத்த பாலிஸியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறுகிறவரும், கிணற்றில் இறங்குகிறவரும் நம் ஊர்ப் பிள்ளைகளே. சமுதாயக் கூடத்தை வாடகைக்கு விடும்போது மின்கம்பிகளைச் சோதியுங்கள். கிராம சபையில் ஒருமுறை இப்பொருளை எடுத்துப் பேசுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் பணம் தரும், கையைத் தராது. பெல்ட்டின்மேல் கம்பிவலை போடுவதும், தளர்ந்த உடையோடு இயந்திரத்தருகே ஆளை விடாதிருப்பதும் பாலிஸிக்கு முந்திய காப்பு. அந்த விவசாயி இப்பொழுது வேறு ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறார். அவர் அன்று கேட்ட கேள்வியை, விபத்திற்கு முன்பே நீங்கள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். இன்று வீடு சென்றதும் உங்கள் பெட்டியிலுள்ள பாலிஸியை எடுத்துப் படியுங்கள். அதில் ஆளைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். விளங்கவில்லையென்றால் நம் அலுவலகத்திற்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.