காய்ச்சல் தணியும் வேளை



தாதியர் பயிற்சி பெறும் மாணவ மாணவியர் கற்கும் பாடங்களுள் நோயுடற்றொழிலியல் என்பதும் ஒன்று. நலமுற்ற உடலின் தொழில்களை உடற்றொழிலியல் கூறும். அத்தொழில்கள் எவ்விடத்தில், எவ்வாறு பிழைக்கின்றன என்பதை நோயுடற்றொழிலியல் கூறும். "இது வைத்தியருக்குரிய கல்வியன்றோ? தாதிக்கு எதற்கு?" என்று வினவுவோர் உளர். டெங்குக் காய்ச்சல் ஒன்றையே சான்றாகக் கொண்டு இவ்வினாவுக்கு இன்று விடை காண்போம்.

டெங்கு நமக்குப் புதிய நோயன்று. இலங்கையில் இந்நோய் 1962 ஆம் ஆண்டில் ஆய்வுகூடச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் மட்டும் 180,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஈடிசு இன நுளம்பு கடித்து வைரசு உடலிற் புகுந்தபின், சில நாட்களிற் கடுங்காய்ச்சல் தோன்றுகிறது. பெரும்பாலோர் சில நாட்களில் நலமடைவர். ஒரு சிலருக்கோ, காய்ச்சல் தணியும் அவ்வேளையிலேதான் உயிராபத்துத் தொடங்குகிறது. பிள்ளையின் நெற்றி குளிர்ந்தது கண்டு தாய் மகிழ்கிறாள். வீட்டுக்குச் செல்ல விரும்புகிறாள். தாதியோ அந்நேரத்தில் முன்னிலும் விழிப்பாய் இருத்தல் வேண்டும். ஏன்?

குருதி செல்லும் மிக நுண்ணிய குழாய்களை மயிர்க்குழாய்கள் என்கிறோம். அவற்றின் சுவர் ஒற்றைக் கலப்படையால் ஆனது. குழாயினுள் இருக்கும் அமுக்கம் நீரை வெளியே தள்ளுகிறது. குருதியிலுள்ள புரதங்கள் நீரை உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன. இவ்விரு விசைகளின் சமநிலையை ஏணெசுற்று இசுற்றாலிங்கு என்ற ஆங்கில அறிஞர் 1896 ஆம் ஆண்டில் விளக்கினார். கடுமையான டெங்கிலே இச்சுவரின் காப்பு தளர்கிறது. நீரும் அதனோடு புரதமும் வெளியே கசிந்து, நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குகின்றன. ஒரு துளி குருதியும் வெளியே சிந்தாமலே குருதியின் கனவளவு குறைந்துவிடுகிறது.

சோற்றுப் பானையிற் கஞ்சியை வடித்தாற் பருக்கைகள் செறிந்து நிற்பதைக் கண்டிருக்கிறீர்கள். அவ்வாறே திரவம் கசிந்ததும் செங்குழியங்கள் செறிகின்றன. குருதியிற் செங்குழியங்களின் பங்கு நூற்றுக்கு 40 ஆக இருந்து 48 ஆக உயர்ந்தால், அது ஐந்திலொரு பங்கு உயர்வு. கசிவு கணிசமானது என்பதற்கு அடையாளம்.

உடல் இவ்விழப்பை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் குருதியைக் காத்துக் கொடுக்கிறது. ஆதலாற் கைகால்கள் குளிர்கின்றன, நாடி விரைகிறது, சிறுநீர் குறைகிறது. குழாய்கள் சுருங்குவதாற் குருதியமுக்கத்தின் கீழெண் ஏறுகிறது. மேலெண்ணோ சிறிது காலம் அவ்வளவாக இறங்குவதில்லை. 120க்கு 80 என்றிருந்தது 100க்கு 80 ஆகிறது. மேலெண்ணை மட்டும் பார்ப்பவர் "100 இருக்கிறது, நன்று" என்று எழுதிச் செல்வார். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 ஆக ஒடுங்கியதைக் காண்பவரே ஆபத்தை அறிவார். அவ்வேளையிலும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கக்கூடும். உடலின் ஈடுகொடுக்கும் ஆற்றல் தீர்ந்ததும் அமுக்கம் திடீரென வீழ்ந்துவிடும். அதன்பின் மீட்பது அரிது.

இனி, கசிவென்று அறிந்தவுடன் திரவத்தை வரையின்றி ஏற்றலாமா? கூடாது. கசிவு பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலம் வரையே நீடிக்கும். பின்னர் சுவர் தன் காப்பை மீளப் பெற, வெளியே தேங்கிய நீர் குழாய்களுக்குத் திரும்புகிறது. நாம் மிகையாக ஏற்றியதும் அதனோடு சேர்ந்தாற் சுவாசப்பைகள் நீர் கோத்து மூச்சுத் திணறும். குறையினும் கேடு, மிகினும் கேடு. ஆகவேதான் உட்சென்ற திரவமும் வெளிவந்த சிறுநீரும் அளந்தெழுதப்படுகின்றன. உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மணிக்கு அரை மில்லிலீற்றருக்குக் குறைவாகச் சிறுநீர் கழியுமாயின், வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். செங்குழியப் பங்கு குறைந்தும் நாடி தளர்ந்தே இருப்பின், உள்ளே குருதி பெருகுகின்றதோ என ஐயுறல் வேண்டும்.

வீட்டிலிருக்கும் நேயர்களுக்கும் ஒன்று கூறுவேன். டெங்கு என ஐயமிருப்பின் அசுப்பிரின், இபுபுரொபென் போன்றவற்றைக் கொடுக்கலாகாது. அவை குருதிப் பெருக்கைத் தூண்டக்கூடும். காய்ச்சல் விட்டபின் ஓயாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு, கைகாற் குளிர்ச்சி ஆகியன காணின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வைத்தியர் நோயாளியின் அருகே சிறிது நேரமே நிற்கிறார். இரவு முழுதும் உடனிருப்பவர் தாதியே. நாடி, அமுக்கம், சிறுநீர் என்று அவர் அட்டவணையில் எழுதும் எண்கள், காரணம் அறியாதவருக்கு வெறும் எண்கள். அறிந்தவருக்கோ மயிர்க்குழாய்ச் சுவரில் நிகழ்வதைக் கூறும் செய்திகள். அச்செய்தியை உரிய நேரத்தில் வாசித்தறிவதற்கே, மாணவ மாணவியரே, இப்பாடத்தை நீங்கள் கற்கின்றீர்கள்.