சாட்டிலைட் பார்க்கும், செதுக்கினது யாருன்னு சொல்லாது

“மானுடவியலோட ஜிஐஎஸ்ஸும் சேர்த்துப் படிக்கிறேன், இது வேலைக்கு ஆகுமா?”ன்னு திருநின்றவூர் மாணவி ஒருத்தங்க கேட்டிருக்காங்க.

பதில் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே இருக்கு: கொசஸ்தலை ஆத்துப் பக்கம், அத்திரம்பாக்கம். 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டுபிடிச்சார். பிற்பாடு சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு தோண்டி ஆராய்ஞ்சு, அங்கே கிடைச்ச கருவிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல வெளியிட்டாங்க. இந்த வட்டாரத்துல தேட சாட்டிலைட் படங்களையும் பயன்படுத்தினாங்க.

நான் கோட் எழுதுறவன். சரளை நிலம் எங்கேன்னு கம்ப்யூட்டரைத் தேட வைப்பேன். ஆனா அங்கே கிடக்கிற கல்லு தானா உடைஞ்சதா, மனுஷன் செதுக்கினதான்னு கையில எடுத்துப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த நிலம் பிளாட் போட்டு விக்கப்படுறதுக்குள்ள, ரெண்டும் தெரிஞ்ச ஆள் அங்கே போய்ச் சேரணும். தைரியமா படிங்க.