களவும் கற்பும் சின்னத்திரையும்



புதினம் ஒன்று திரைக்கு வரும்போதெல்லாம் எழும் வினா ஒன்றே: 'நூலில் உள்ளபடி எடுத்திருக்கிறார்களா?' நியாயமான வினாதான். ஆனால் வரலாற்றுக் காதற் புதினங்களை அளக்க இந்த அளவுகோல் போதாது. இவ்வகைப் புதினங்களில் புறத்தே நிகழ்வன குறைவு; நெஞ்சினுள் நிகழ்வனவே மிகுதி. ஒரு பார்வையை எழுத ஆசிரியர் இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறார். சின்னத்திரையில் அப்பார்வை இரண்டு நொடிகளில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய இரண்டு பக்கமும் எங்கே போயின என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. அகத்தைப் புறமாக்கும் வித்தை எது, அவ்வித்தையில் காக்கப்படுவது எது, கைவிடப்படுவது எது என்பதே இவ்வுரையின் பொருள்.

வகையும் வரலாறும்

ஜேன் ஆஸ்டின் தம் காலத்தைத் தாமே பார்த்து எழுதியவர், 1817இல் மறைந்தார். அவர் எழுதிய அதே இங்கிலாந்தை நூறாண்டு கடந்து திரும்பிப் பார்த்து எழுதியவர் ஜார்ஜெட் ஹேயர். 1935இல் வெளிவந்த அவருடைய 'ரீஜென்சி பக்' இவ்வகைக்கு ஒரு தொடக்கம் எனலாம். 1811 முதல் 1820 வரை இளவரசர் ஒருவர் மன்னருக்காக ஆண்ட காலம் அதன் களம். அவ்வழியில் வந்த அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா குவின், ஒரு குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புதினமாக 2000 முதல் 2006 வரை எட்டுப் புதினங்கள் எழுதினார். 'பிரிட்ஜர்டன்' என்னும் பெயரில் அவை தொடராக 2020ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் இணையத்திரையில் வெளிவரத் தொடங்கின. ஷோண்டா ரைம்ஸின் நிறுவனம் தயாரிக்க, கிறிஸ் வான் டூசன் அதனை உருவாக்கினார்.

திரைக்கு வந்தபோது பெரிய சேர்க்கை ஒன்று நேர்ந்தது. புதினங்களில் பாத்திரமாக வராத சார்லட் அரசியார் தொடரில் நடுநாயகமானார்; கறுப்பின அரசியாகவும் காட்டப்பட்டார். அவருடைய மரபு பற்றிய அக்கருத்தை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. எனினும் அரசர் ஓர் அரசியைக் காதலித்ததால் பிரிந்து கிடந்த இரு சமூகங்கள் ஒன்றாயின என்று ஒரு பாத்திரத்தின் வாயிலாகத் தொடர் சொல்லிவிடுகிறது. காதல் வரலாற்றைத் திருத்தும் என்பது காதற் புதினத்தின் உள்ளார்ந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தொடர் வெளிப்படையாக்கிற்று. ஆகவே இது நூலிலிருந்து விலகல் என்பதைவிட நூல்வகையின் இயல்பை விரித்தல் என்பதே பொருந்தும்.

ஒரு தேனீயும் உள்ளுறையும்

இரண்டாம் புதினமான 'தி வைகவுண்ட் ஹூ லவ்ட் மீ' 2000இல் வந்தது. அதன் தலைவன் ஆந்தனி. அவன் தந்தை 38 வயதில் தேனீ கொட்டி இறந்தார். தந்தையின் வயதைத் தான் கடக்கப்போவதில்லை என்பது மகனின் உறுதியான அச்சம். ஆகவே மனைவி வேண்டும், காதல் கூடாது என்று முடிவு செய்கிறான்; விரைவில் விட்டுப்போக வேண்டிய உலகில் பற்று எதற்கு என்பது அவன் கணக்கு. இவ்வளவும் அவன் நெஞ்சுக்குள் நடப்பது. பிறர் எவரிடமும் அவன் இதனைச் சொல்வதில்லை.

சொல்லாத ஒன்றைத் திரை எவ்வாறு காட்டும்? தமிழ்க் கவிதை மரபில் இதற்கு விடை உண்டு. நெஞ்சின் செய்தியை நேரே கூறாமல் கருப்பொருள் ஒன்றின் மேல் ஏற்றிக் கூறும் உள்ளுறை அது. தொடரை எடுத்தவர்கள் அம்மரபை அறிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் செய்தது அதுவே. முதற் பருவத்தின் இறுதிக் காட்சியிலேயே சன்னலோரத்தில் ஒரு தேனீ வந்து அமர்கிறது. 2022இல் வந்த இரண்டாம் பருவத்தின் மூன்றாம் பகுதியில் தந்தையின் இறப்பு காட்டப்படுகிறது. பின்னர்த் தலைவி கேட்டைத் தேனீ கொட்டுகிறது. புதினத்தில் ஆந்தனி பதறி நஞ்சை உறிஞ்ச முற்படுகிறான். அக்கோலத்தைத் தாய்மார் கண்டுவிட, திருமணம் செய்தே ஆகவேண்டிய நிலை வருகிறது. தொடரில் அவ்வாறில்லை. மூச்சுத் திணறி நிற்பவன் அவன். அவன் கையைத் தன் நெஞ்சின் மேலும் தன் கையை அவன் நெஞ்சின் மேலும் வைத்து அவனை அமைதிப்படுத்துபவள் அவள். நூலில் நகைச்சுவையும் நெருக்கடியுமாக இருந்த இடம், திரையில் ஈருயிரின் மூச்சு ஒன்றாகும் இடமாயிற்று. நூலின் நிகழ்ச்சி மாறியது. நூலின் நெஞ்சம் மாறவில்லை. தழுவலின் உயர்ந்த நிலைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

கற்பு கைவிடப்பட்ட கதை

அதே மாற்றத்தின் மறுபக்கத்தில் இழப்பு ஒன்றும் உண்டு. புதினத்தில் தேனீ நிகழ்ச்சியால் திருமணம் நூலின் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. பின்பாதி முழுவதும் மணமான இருவர் ஒருவரையொருவர் அறியும் கதை. தமிழ் இலக்கணம் அகவாழ்வைக் களவு என்றும் கற்பு என்றும் இரு கூறாக வகுத்தது. களவோடு காதல் முடிந்துவிடுவதில்லை, கற்பிலும் அது தொடர்ந்து வளர்கிறது என்பது அவ்வகுப்பின் உட்கருத்து. குவினின் புதினமும் ஏறத்தாழ அவ்வாறே இரு கூறாக அமைந்தது.

தொடர் என்ன செய்தது? எட்டுப் பகுதிகள் வரை காண்போரை இருத்திவைக்க வேண்டும். எனவே கூட்டம் தள்ளிப்போடப்பட்டது. ஆந்தனி கேட்டின் தங்கை எட்வினாவை மணக்க ஒப்புகிறான். ஆறாம் பகுதியில் மணமேடை வரை சென்று அத்திருமணம் குலைகிறது. கேட்டும் ஆந்தனியும் சேர்வது இறுதிப் பகுதியில். தங்கைக்கு ஒரு மனமும் ஒரு சினமும் கிடைத்தன என்பது உண்மையான ஆதாயம். உடன்பிறந்தாரின் நோவு நூலைவிடத் திரையில் ஆழமானது. ஆனால் மணத்துக்குப் பின் வளரும் அன்பு, மரண அச்சத்தை மனைவியின் அருகிருந்து வெல்லும் ஆண் என்னும் நூலின் பின்பாதி முழுவதும் போயிற்று. களவு நீண்டது, கற்பு கைவிடப்பட்டது.

இது ஊடகத்தின் தவிர்க்கவியலாத விதி என்று கூறித் தப்பிக்க இயலாது. முதற் பருவத்தில் ஐந்தாம் பகுதியிலேயே திருமணம் நடந்துவிடுகிறது. மணவாழ்வின் பூசலை வைத்தே மூன்று பகுதிகள் நகர்கின்றன. சின்னத்திரையால் கற்பையும் காட்ட முடியும் என்பதற்கு அதே தொடர் சான்று. இரண்டாம் பருவத்தில் நேர்ந்தது இயலாமை அன்று, தேர்வு.

யாருடைய கூற்று?

அகப்பாடலைத் திறக்கும் முதல் திறவுகோல் 'இது யார் கூற்று?' என்னும் வினா. தழுவலுக்கும் அது பொருந்தும். டயானா கேபல்டனின் 'அவுட்லேண்டர்' 1991இல் வந்த புதினம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தைச் சேர்ந்த கிளேர் என்னும் செவிலி, 1743ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக்குள் தவறி விழுகிறாள். நூல் முழுவதும் அவள் கூற்றே. 2014இல் ரொனால்ட் டி. மூர் அதனைத் தொடராக்கியபோது அவள் குரலைப் பின்னணியில் ஒலிக்கச் செய்தார். ஆனால் முதற் பருவத்தின் ஒன்பதாம் பகுதியில் குரல் மாறுகிறது. கணவன் ஜேமி பேசத் தொடங்குகிறான். மனைவியை அவன் வாரால் அடிக்கும் பகுதி அது. நூலில் அடிபட்டவளின் கூற்றாக மட்டும் இருந்தது, திரையில் அடித்தவனின் தன்னாய்வும் ஆகிறது. அதனால் அச்செயல் நியாயமாகிவிட்டதா, கேள்விக்குள்ளாகிறதா என்று விவாதிக்கலாம். கூற்று மாறினால் பொருளும் மாறும் என்பது மட்டும் உறுதி.

உறவுச் சொல்லின் எடை

தமிழ் அவை சற்று நின்று எண்ண வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. புதினத்தில் கேட் ஆங்கிலப் பெண். அவள் குடும்பப் பெயர் ஷெஃபீல்டு. தொடரில் அவள் இந்தியாவிலிருந்து வந்த கேட் சர்மா. பழைய பெயரும் முற்றிலும் அழியவில்லை. சிற்றன்னை மேரியின் பெற்றோர்க்கு அது வழங்கப்பட்டது. கேட்டாக நடித்த சிமோன் ஆஷ்லியும், எட்வினாவாக நடித்த சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1814ஆம் ஆண்டு இலண்டன் மாளிகையில் ஒரு பெண் தன் தந்தையை 'அப்பா' என்று குறிப்பிடுவதைக் கேட்டுத் தமிழ் நெஞ்சம் மகிழ்ந்தது உண்மை.

ஆனால் அதே பெண்ணைத் தங்கை அழைப்பது இந்தியிலும் வங்காளத்திலும் வழங்கும் 'தீதி' என்னும் சொல்லால். தங்கையை அக்காள் அழைப்பது வங்காளச் சொல்லான 'போன்' என்பதால். தங்கை கற்ற மொழிகளோ மராத்தியும் இந்துஸ்தானியும். பல ஊர் சுற்றிய குடும்பத்தில் பல மொழிச் சொற்கள் கலக்கலாம், அதில் பிழையில்லை. அக்கலப்புக்குப் பின்னே ஒரு கதை இருக்க வேண்டும். தாய் எந்த ஊர், தந்தை எந்த மொழி, எந்தச் சொல் யாரிடமிருந்து வந்தது என்பதைத் தொடர் சொல்வதில்லை. அங்கே 'அப்பா' என்பது பட்டுத் துணியைப் போல, ஏலக்காயைப் போல மணமூட்டும் பொருளாக நிற்கிறது.

'அவுட்லேண்டர்' மொழியை நடத்திய முறை வேறு. ஸ்காட்லாந்து மலைநாட்டார் பேசும் கேலிக் மொழியை நடிகர்களுக்குப் பயிற்றுவிக்கத் தனி ஆசான் இருந்தார். கேலிக் உரையாடல்களுக்கு மொழிபெயர்ப்பு வரிகளும் இடப்படவில்லை. கிளேருக்கு விளங்காதது காண்போருக்கும் விளங்காது. நூலில் 'எனக்குப் புரியவில்லை' என்று அவள் சொல்லவேண்டியிருந்தது. திரையில் அப்புரியாமையைக் காண்போரே நுகர்கின்றனர். ஆங்கிலேயரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகிய 'சாசெனாக்', ஜேமியின் வாயில் மெல்ல மெல்ல மனைவியை அழைக்கும் காதற் சொல்லாகக் கனிகிறது. ஒரே சொல்லின் பொருள் மாற்றத்தில் ஒரு காதலின் முழு வரலாறும் அடங்குகிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுவோர் 60,000க்கும் குறைவு. அதே ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 6.9 கோடி. சிறிய மொழிக்கு வாக்கியங்கள் கிடைத்தன. பெரிய மொழிக்கு ஒரு சொல் கிடைத்தது. எண்ணிக்கை மொழிக்கு மதிப்பைத் தேடித் தருவதில்லை. அக்கறையே தேடித் தருகிறது.

நிறைவாக

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இது. நிகழ்ச்சியை மாற்றலாம்; தேனீக் காட்சி அதற்குச் சான்று. கூற்றை மாற்றுவோர், பொருள் மாறுவதை அறிந்தே மாற்ற வேண்டும். களவைக் காட்டுவதோடு நின்றால் காதல் பாதியே சொல்லப்பட்டதாகும். சொல் ஒன்றைப் பிற மொழியிலிருந்து எடுத்தால், அச்சொல்லோடு வரும் வீட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுப்பது அணிகலன் திருட்டுக்கு ஒப்பாகும்.

கவிஞர்களுக்கு இதில் கடமை ஒன்று உண்டு. புதினம் திரைக்குப் போகும்போது கதையைக் காக்கப் பலர் வருவர். உரிமையைக் காக்க வழக்கறிஞர் வருவர். ஒற்றைச் சொல்லின் எடையை அறிந்து பேசுவோர் அரியர். அவ்வெடையை அறிந்தவர் கவிஞர். நாளை ஒரு தமிழ்ப் புதினத்தைத் திரைக்கு எடுப்போர் இவ்வட்டத்தின் கதவைத் தட்டினால், 'எங்கள் கதையை மாற்றாதீர்' என்று சொல்ல வேண்டியதில்லை. 'இந்தச் சொல்லை யார், யாரிடம், எந்த வீட்டில் சொல்கிறார்?' என்று கேட்டால் போதும். அக்கேள்விக்கு விடை தேடும் தழுவல் நூலுக்கும் நேர்மையாக இருக்கும், திரைக்கும் நேர்மையாக இருக்கும்.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டம் நூறாண்டு காண்க.