குருதி அமுக்கமும் எங்கள் சிறுநீரகங்களும்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்களில் நாமும் அடக்கம். அப்போது எல்லாருக்கும் ஒரே விளக்கந்தான்: "பிரஷர் குறைஞ்சு போச்சு." நாற்பதைக் கடந்த பின் கூடிய பிரஷரைப் பற்றிப் பேச அதே மண்டபத்துக்கு வந்திருக்கிறோம்.

எங்களோடு படித்த ஒருவரின் கதையிலிருந்து தொடங்குகிறோம். அவருடைய சம்மதத்தோடுதான். சென்ற வருடம் கால் வீக்கத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி வந்தார். வயது 43. பிரஷர் 170/105. சலத்தில் புரதம் நிறையப் போயிருந்தது. சிறுநீரகங்களின் செயற்றிறன் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, தலையிடி கூட வாறதில்லை" என்றார். பழையவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனபோதுதான், 27 வயதில் முதற் பிள்ளை வயிற்றிலிருக்கையில் பிரஷர் கூடி, குறைமாதத்தில் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்த கதை வந்தது. எப்போதோ கை முறிந்து பொருந்தியதைச் சொல்வதுபோலச் சொன்னார். பிள்ளை பிறந்து சில கிழமைகளில் பிரஷர் இறங்கிவிட்டது. குளிசையை நிறுத்தினார்கள். அதன்பிறகு 16 வருடங்கள் ஒருவரும் அவருடைய பிரஷரைப் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

உயிரியல் ரீச்சர் அவரை விதை போலக் கீறிக் காட்டிய சிறுநீரகம் நினைவிருக்கும். கழிவை அகற்றும் உறுப்பு என்று எழுதிப் புள்ளியும் வாங்கினோம். இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இந்த இரண்டு சிறு உறுப்புகளுக்கும் போகிறது. ஒவ்வொன்றிலும் சராசரியாக 10 இலட்சம் வடிகட்டிகள் உண்டு. நாளொன்றுக்கு 180 லீற்றர் வரை வடிகட்டி, ஒன்றரை, இரண்டு லீற்றரைச் சலமாக விட்டுவிட்டு மிகுதியை உடலுக்கே திருப்பிக் கொடுக்கின்றன.

ஆனால் உடலின் குருதி அமுக்கத்தை நிர்ணயிப்பதிலும் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. தம்மிடம் வரும் குருதி குறைந்தால் சிறுநீரகங்கள் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதன் விளைவாகக் குருதிக்கலங்கள் சுருங்கும், உப்பும் நீரும் உடலில் தேங்கும், அமுக்கம் ஏறும். காயப்பட்டுக் குருதி இழந்தவரைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு இது. அமுக்கம் வருடக்கணக்கில் கூடியே இருந்தால், நுண்ணிய வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகிப் போகின்றன. மிகுதியானவற்றுக்கு வேலை கூடுகிறது. குருதி போதவில்லை என்று சிறுநீரகம் மறுபடி ரெனினைச் சுரக்க, அமுக்கம் இன்னும் ஏறுகிறது. இப்படி ஒன்றையொன்று கெடுக்கும்போது எது முதலில் வந்தது என்று எங்களாலேயே பலவேளை சொல்ல முடிவதில்லை. போன வடிகட்டிகள் திரும்ப முளைப்பதுமில்லை.

இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் ரிச்சர்ட் பிரைற் என்ற மருத்துவர், சலத்தைக் கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுவாலையில் சூடாக்கிப் பார்த்தார். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைபோலத் திரையும். சிறுநீரக நோயால் இறந்தவர்களின் இதயம் பருத்திருப்பதை 1836 இல் எழுதி வைத்தவரும் அவர்தான். பிரஷர் பார்க்கும் கைப்பட்டி 1896 இல்தான் வந்தது. எங்களிடம் கைப்பட்டியும் இருக்கிறது, சலத்தில் தோய்க்கும் சிறு பட்டியும் இருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் தோழிக்கு 16 வருடங்கள் போய்விட்டன.

கர்ப்பகாலப் பிரஷர் பிள்ளைப்பேற்றோடு முடிந்துவிடும் என்பதுதான் எங்கள் பெண்களின் எண்ணம். நம்மவர்கள் பலர் வாழும் நோர்வேயில், 5 இலட்சத்துக்கும் அதிகமான தாய்மாரின் பிள்ளைப்பேற்றுப் பதிவுகளைச் சிறுநீரகச் செயலிழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2008 இல் வெளிவந்தது. முதற் கர்ப்பத்தில் பிரஷர் கூடிச் சலத்தில் புரதம் போனவர்களுக்கு, அதாவது பிரீ-எக்லம்சியா வந்தவர்களுக்கு, பிற்காலத்தில் சிறுநீரகங்கள் முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 5 மடங்கு. பயப்பட வேண்டாம், அப்படிச் செயலிழந்தவர்களின் தொகை மிகச் சிறியது. ஆனால் பிரஷர் நிரந்தரமாக வந்து சேர்வது அவ்வளவு அரிதல்ல. இதைப் பிள்ளையோடு வீட்டுக்கு அனுப்பும் நாளில் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்களாகிய நாங்கள். "அப்பவே ஆராவது சொல்லியிருக்கலாமே" என்று தோழி கேட்டபோது எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

பரிசோதனை முடிவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிரியற்றினின் 1.2 என்று வந்தால் பலர் நிம்மதியாகக் கொப்பியை மூடிவிடுகிறார்கள். 25 வயது ஆணுக்கு அது பெரும்பாலும் சரி. அதே 1.2, 60 வயதுப் பெண்ணில் சிறுநீரகங்கள் ஏறக்குறைய 50 வீதந்தான் வேலை செய்கின்றன என்று காட்டக்கூடும். தசை குறைந்த உடலில் கிரியற்றினின் உண்டாவதே குறைவு. எனவே வயதையும் பாலையும் சேர்த்துக் கணித்த செயற்றிறனைக் கேளுங்கள். சலத்தில் அல்புமின் போகிறதா என்றும் பாருங்கள். அது பெரும்பாலும் முதலில் தெரியும்.

இனிக் குளிசைகள். "பிரஷர் குளிசை கிட்னியைப் பழுதாக்கும்" என்ற பேச்சு யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ வரை உலவுகிறது. எனலப்ரில், லொசார்ட்டன் போன்றவை சலத்தில் புரதம் போவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பவை. தொடங்கியபின் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், கர்ப்பத்தில் எடுக்கக்கூடாது. பிள்ளைக்கு ஆயத்தப்படுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது முழங்கால் நோவுக்கு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோபினக், இபுபுறோபன் வகையறா. அவை சிறுநீரகத்துக்குப் போகும் குருதியைக் குறைத்து, பிரஷரையும் ஏற்றும். அம்மாமாரின் கைப்பையை ஒருமுறை திறந்து பாருங்கள்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்கு மேற்படாதிருக்க வேண்டும். எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த எங்களுக்கு இது கசக்கும். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் என்று மேசை நிறைந்த பிறகு கறிக்கு உப்பைக் குறைத்துப் பயன் அதிகமில்லை. வெளிநாட்டுக்குப் போகும் பொதியிலும் இவைதானே முதலில் ஏறுகின்றன! பாணிலும் உப்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

சிறுநீரக நோய் என்றதும் இங்கே பலருக்கு நினைவு வருவது அநுராதபுரம், பொலநறுவைப் பக்கத்து விவசாயிகளிடையே 1990களிலிருந்து கண்டறியப்பட்டுவரும், காரணம் இன்னும் உறுதியாகாத நோய். அது வேறு வகை. அதில் பலருக்குத் தொடக்கத்தில் பிரஷர் இருப்பதில்லை. அந்தப் பயத்தில் சுத்திகரித்த தண்ணீர் வாங்கிக் குடிக்கும் குடும்பங்களில், 50 வயதாகியும் ஒருமுறைகூடப் பிரஷர் பார்க்காதவர்களைச் சந்திக்கிறோம்.

35 வயதானவர்கள் உங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகலாம், இலவசம். பிரஷர் பார்க்கும்போது சலம் கழித்துவிட்டு, 5 நிமிடம் சாய்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, கதைக்காமல் இருக்க வேண்டும். கதைக்காமல் இருப்பதுதான் எங்கள் சங்கத்தவருக்குக் கடினம். கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85. இவற்றை எட்டினால் இன்னொரு நாளும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மனையியல் அறையில் இன்று 4 மணிவரை கருவிகளோடு இருப்போம். கர்ப்பகாலத்தில் பிரஷர் இருந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தோழிக்கு இப்போது பிரஷர் 128/78. கால் வீக்கம் இல்லை. போன செயற்றிறன் திரும்பவில்லை, ஆனால் ஒரு வருடமாக மேலும் இறங்கவுமில்லை. குறைமாதத்தில், குறைந்த நிறையோடு பிறக்கும் பிள்ளைகளுக்கு வடிகட்டிகளும் குறைவாக இருக்கலாம் என்பதால், அவருடைய மகளையும் அழைத்துப் பார்த்தோம். 104/66. அடுத்த வருடமும் வரச் சொல்லியிருக்கிறோம்.