அந்த லைட்டு எதுக்கு எரிஞ்சுது?

இந்த எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே திருத்தித் தரப்படுகிறது.

இன்னைக்கு எடுத்திருக்கிற தலைப்பு பேக்கப். ஆமா, கேட்டதும் கொட்டாவி வரும். ஆனா உங்க வீட்டுல யாராவது கடை வச்சிருந்தா, இல்ல நீங்களே நாலு பேரை வச்சு ஒரு டிசைன் ஸ்டூடியோ, கிளினிக், டியூஷன் சென்டர்னு நடத்தினா, ஸ்கிப் பண்ணாம கேளுங்க. நான் பண்ணின ஒரு தப்புல இருந்து தொடங்குறேன்.

2018ல நான் சென்னையில சின்னக் கடைகளுக்கு சிஸ்டம் சர்வீஸ் பண்ணிட்டு இருந்தேன். அதுல ஒண்ணு, பாரிஸ்ல இருக்கிற ஒரு எலெக்ட்ரிகல் ஹோல்சேல் கடை. ஓனர் அண்ணாச்சி. வயர், சுவிட்ச், ஃபேன் எல்லாம் கடனுக்குத்தான் போகும். யார் எவ்வளவு பாக்கி, யார் எப்போ எவ்வளவு கொடுத்தாங்க, எல்லாமே டாலியில. ஒரே கம்ப்யூட்டர்.

நான் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிச் செருகினேன். தினமும் ராத்திரி டாலி ஃபோல்டர் அதுக்கு காப்பி ஆகுற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வச்சேன். முதல் நாள் செக் பண்ணேன், சூப்பரா வேலை செஞ்சுது. அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை போவேன். ஹார்ட் டிஸ்க்ல நீல லைட்டு எரியும். "பேக்கப் ஓடுது அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு, டீ குடிச்சிட்டு வந்துடுவேன்.

2019 மார்ச். வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். கம்ப்யூட்டர் ஆன் ஆகலை. உள்ளே இருந்த டிஸ்க் காலி. நான் பதட்டமே படலை. பேக்கப்தான் இருக்கே! எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்து என் லேப்டாப்ல போட்டேன். கடைசியா காப்பி ஆன தேதி, போன ஆகஸ்ட்.

என்ன ஆச்சுன்னா, ஆகஸ்ட்ல ஒரு நாள் யாரோ கடை பெருக்கும்போது அந்த டிஸ்க்கோட கேபிளைக் கழட்டியிருக்காங்க. திரும்பச் செருகும்போது பக்கத்துல ஒரு பென் டிரைவ் இருந்திருக்கு. "இ" டிரைவா இருந்த என் டிஸ்க் "எஃப்" ஆயிடுச்சு. என் ஸ்கிரிப்ட் பாவம், ஏழு மாசமா தினமும் ராத்திரி இல்லாத "இ" டிரைவைத் தேடி, கிடைக்காம, சத்தமே இல்லாம நின்னுக்கிட்டு இருந்திருக்கு. யாருக்கும் சொல்லலை. ஏன்னா, தோத்துப்போனா யாருக்குச் சொல்லணும்னு நான் அதுல எழுதவே இல்லை.

அண்ணாச்சி கத்தலை. ஹார்ட் டிஸ்க்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ அந்த லைட்டு எதுக்குத் தம்பி எரிஞ்சுது?"ன்னு கேட்டார். கரென்ட் வருதுன்னு சொல்றதுக்கு எரிஞ்ச லைட்டு அது. நான்தான் அதை பேக்கப்னு நெனைச்சுக்கிட்டேன்.

டேட்டா ரெகவரி பண்றவங்ககிட்ட கொடுத்துப் பார்த்தோம். ஒண்ணும் கிடைக்கலை. வித்த பில்லை எல்லாம் ஓரளவு திரும்ப எழுத முடிஞ்சுது. ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஃபைல் பண்ணினது இருந்துச்சு, பில் புக்ல கார்பன் காப்பி இருந்துச்சு. பேங்க்ல வந்த பணத்துக்கு ஸ்டேட்மென்ட் இருந்துச்சு. ஆனா கையில வாங்கின கேஷ், திரும்பி வந்த சரக்கு, வாய் வார்த்தையா கொடுத்த டிஸ்கவுண்ட்? அதெல்லாம் டாலியில மட்டும்தான் இருந்துச்சு.

கடைசியில அண்ணாச்சி ஒவ்வொரு பார்ட்டிக்கா போன் போட்டார். "நீங்க எனக்கு எவ்வளவு தரணும்னு நீங்களே சொல்லுங்க." கடன் கொடுத்தவர், வாங்கினவங்ககிட்ட இப்படிக் கேட்கிறதை பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருக்கீங்களா? நான் கேட்டேன், ரெண்டு வாரம். நிறைய பேர் நேர்மையா சொன்னாங்க. சிலர் சொன்ன தொகையைக் கேட்டுட்டு அண்ணாச்சி ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "சரி, அப்படியே எழுதிக்கிறேன்"னார்.

இது சின்னக் கடை, சின்னப் பையன் பண்ணின தப்புன்னு தோணுதா? கிட்லேப்னு ஒரு கம்பெனி. உலகம் முழுக்க டெவலப்பர்ஸ் கோட் வைக்கிற இடம். 2017 ஜனவரி 31 ராத்திரி, அங்கே ஒரு இன்ஜினியர் ஒரு சர்வர்ல டேட்டாவை அழிக்கப் போய், தவறுதலா மெயின் சர்வர்ல அந்தக் கமாண்டைக் கொடுத்துட்டார். சட்டுனு நிறுத்தினார். ஆனா சுமார் 300 ஜிபியில 4.5 ஜிபிதான் மிச்சம்.

சரி, பேக்கப்? தினமும் எடுக்கிற மாதிரிதான் செட் பண்ணியிருந்தாங்க. போய்ப் பார்த்தா அங்கே ஒண்ணுமே இல்லை. சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாம அந்த வேலை தினமும் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துப்போச்சுன்னு மெயில் அனுப்பற ஏற்பாடும் இருந்துச்சு. அந்த மெயிலை மெயில் சர்வர் ஏத்துக்கவே இல்லை. அதனால யாருக்கும் தெரியலை. அவங்களைக் காப்பாத்தினது, வேற ஒரு டெஸ்ட் வேலைக்காக சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி கையால எடுத்து வச்ச ஒரு காப்பி. அந்த ஆறு மணி நேரத்துல பதிவான டேட்டா போனது போனதுதான். ஆனா நடந்தது எல்லாத்தையும் மறைக்காம வெளியில சொன்னாங்க, மீட்கிற வேலையை யூடியூப்ல லைவாவே காட்டினாங்க. அதனாலதான் நான் இதை உங்களுக்குச் சொல்ல முடியுது.

அண்ணாச்சி கடையிலயும் அங்கேயும் நடந்தது ஒரே விஷயம். சத்தம் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு நெனைச்சுட்டோம். அதனால இன்னைக்கு ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கட்டும்: திரும்ப எடுத்துப் பார்க்காத வரைக்கும் அது பேக்கப் இல்லை, நம்பிக்கை.

இப்போ என்ன செய்யலாம்? முதல்ல உங்ககிட்ட நீங்களே ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, எத்தனை நாள் வேலை போனா திரும்ப உட்கார்ந்து எழுத முடியும்? ஒரு நாள்தான்னா தினமும் பேக்கப் வேணும். ரெண்டு, எத்தனை நாள் கம்ப்யூட்டர் இல்லாம கடையை ஓட்ட முடியும்? ரெண்டு நாள்தான்னா, டேட்டா மட்டும் போதாது. அதைப் போட்டுத் திறக்க இன்னொரு கம்ப்யூட்டர், லைசென்ஸ், பாஸ்வேர்டு எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்.

அடுத்தது, 3-2-1. மூணு காப்பி, ரெண்டு வகையான இடத்துல, ஒண்ணு கடைக்கு வெளியில. ஏன் வெளியில? 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி ஈக்காட்டுதாங்கல், சைதாப்பேட்டை பக்கமெல்லாம் தண்ணி ஏறுச்சே, ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டர் மேசை மேல, பேக்கப் டிஸ்க் அதே மேசையோட டிராயர்ல இருந்தா, தண்ணிக்கு ரெண்டும் ஒண்ணுதான். கிளவுட்ல இருக்குன்னாலும் எந்த ஊர்லன்னு கேளுங்க. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர் நகரத்துல ஓவிஎச் கம்பெனியோட ஒரு டேட்டா சென்டர் முழுசா எரிஞ்சுபோச்சு. பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்த சிலருக்கு ரெண்டுமே போச்சு.

மூணாவது, ஒரு காப்பியாவது எதோடயும் கனெக்ட் ஆகாம இருக்கணும். ரேன்சம்வேர் வந்தா, செருகி வச்சிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிடும். 2017 மே மாசம் வான்னாக்ரை வந்தப்போ இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளே ஆடிப்போச்சு. அதனால காப்பி ஆனதும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கூகுள் டிரைவ்ல சிங்க் ஆகுதேன்னு நிம்மதியா இருக்காதீங்க. இங்கே அழிச்சா அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில 30 நாள் இருக்கும், அப்புறம் அதுவும் போயிடும்.

கடைசியா, முக்கியமானது. மாசம் ஒரு நாள் ஒத்திகை. அண்ணாச்சி என்னை வேலையை விட்டுத் தூக்கலை. ஏன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. இப்போ அவர் கடையில மாசத்தோட முதல் சனிக்கிழமை, பில் போடுற தம்பி ஒரு பழைய லேப்டாப்ல பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணுவான். அண்ணாச்சி கல்லாவுல இருந்தபடியே ஏதாவது ஒரு பார்ட்டி பேரைச் சொல்லுவார். அவங்க பாக்கியை லேப்டாப்ல படிச்சுச் சொல்லணும். கம்ப்யூட்டர்ல இருக்கிற தொகையோட ஒத்துப்போகணும். மொத்தம் இருபது நிமிஷ வேலை. பாக்கி தப்பாச் சொன்ன அந்தச் சிலர்ல ஒருத்தர் பேரைத்தான் அவர் அடிக்கடி கேட்பார்னு தம்பி சிரிச்சுக்கிட்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அப்பா கடையோ, உங்க ஆபீஸோ, உங்க சொந்த லேப்டாப்போ, பேக்கப்ல இருந்து ஒரே ஒரு ஃபைலை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. திறந்தா நிம்மதியாத் தூங்குங்க. திறக்கலைன்னா, இன்னைக்கே தெரிஞ்சதுக்குச் சந்தோஷப்படுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.