நாளாகக் கிடந்த வோட்டர் பம்



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு லயத்தை விட்டு இறங்கினோம். இப்போது திரும்புகிறோம். லீக்ஸ், கரட் போட வேண்டும், பம் வேண்டும். அவசரப்பட்டுக் கயிற்றை இழுத்துவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் ஆவியாகி, காபரேட்டருக்குள் பிசின் மாதிரிப் படியும். ஊசிமுனை அளவு ஜெட் துவாரம் அடைபட்டால் எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. கடற்கரையில் படகு இஞ்சினுக்கும் இதே வியாதிதான்.

முதலில் ஒயிலைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாற்றாமல் இஞ்சினைச் சுற்றக்கூடாது. அடுத்து டாங்கியிலுள்ள பழைய பெட்ரோலை ஒரு கேனில் வடியுங்கள். காபரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்தி அதையும் வடியுங்கள். ஓடையில் ஊற்றாதீர்கள், கீழ் லயத்தார் அதில்தான் தண்ணீர் எடுப்பார்கள். கேனைத் தள்ளி வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி மெதுவாக இழுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் வெளியே வரும்.

பிளக்கைத் துடைத்துப் பூட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பம்முக்குள் தண்ணீர் நிரப்புங்கள், வெறுமனே ஓடினால் சீல் கருகும். சோக்கை மூடி இழுங்கள், ஓடியதும் திறவுங்கள். நான் ஒருநாள் தோள் விட்டுப்போகும் வரை இழுத்தேன். பெட்ரோல் டெப்பைத் திறக்கவே இல்லை!

மழை என்று காம்பராவுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிற பிள்ளை எழும்பாது.

பம் மண் சரிந்த பக்கம் கிடந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தார் பார்த்துச் சொல்லும் வரை எடுக்கப் போகாதீர்கள். இனிமேல் நாளாக வைக்கிறபோது டெப்பை மூடி, இஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.